ஏகாந்தமா, சத்சங்கமா?

எல்.எஸ்.டி. போன்ற மனமயக்க மருந்துகள் இறையனுபவத்திற்கு வழிகாட்டுமா என்று இளைஞர்கள் சிலர் கேட்கிறார்கள். கேள்வி அத்துடன் நிற்பதில்லை. 'அவற்றை ஏகாந்தத்தில் உட்கொள்வதா, பலரோடு கூடியிருந்து உட்கொள்வதா? ஆன்மிகத்திற்கு எது உகந்தது?' என்றும் தொடர்கிறது. இதைக் கடிந்து ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால், கேட்பவரின் உள்ளத்தில் உண்மையான தாகம் இருக்கக்கூடும். ஆகவே நிதானமாக ஆராய்வோம்.

கூடியிருந்தவர்கள்

இத்தகைய பொருட்களை வழிபாட்டில் பயன்படுத்திய சமுதாயங்கள் அவற்றைத் தனிமனிதனின் விருப்பத்திற்கு விட்டுவிடவில்லை. வேத காலத்து சோமம் எந்தத் தாவரம் என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் சோம யாகத்தைப் பதினாறு ரித்விக்குகள் கூடி, விதிப்படி நடத்தினார்கள் என்பதில் ஐயமில்லை. அமெரிக்கப் பழங்குடியினர் 1918-இல் ஓக்லஹோமாவில் பதிவு செய்த 'நேட்டிவ் அமெரிக்கன் சர்ச்' என்ற அமைப்பில், பெயோட்டி என்னும் கள்ளிச்செடியை இரவு முழுவதும் நடைபெறும் வழிபாட்டில் உட்கொள்கிறார்கள். அதை முன்நின்று நடத்த ஒரு மூத்தவர் இருக்கிறார்; நெருப்பைக் காக்க ஒருவர் இருக்கிறார்; பாட்டும் பறையொலியும் விடியும்வரை தொடர்கின்றன.

மெக்சிகோ நாட்டின் மலைக்கிராமம் ஒன்றில் வாழ்ந்த மரியா சபீனா என்ற மூதாட்டி, நோயுற்றவர்களின் நலனுக்காகக் காளான்களைக் கொண்டு இரவு வழிபாடு நடத்தி வந்தார். 1955-இல் அதில் கலந்துகொண்ட கார்டன் வாசன் என்ற அமெரிக்கர், 1957-இல் அதைப்பற்றி 'லைஃப்' இதழில் எழுதினார். அதன்பின் புதுமை தேடியவர்கள் கூட்டம் கூட்டமாக அங்கே வந்து குவிந்தனர். கட்டுப்பாடு சிதைந்தது, ஊராரின் கோபத்திற்கு ஆளான அம்மூதாட்டியின் வீடு தீக்கிரையானது. கூட்டம் வேறு, சங்கம் வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையா?

துணை செய்வதும் செய்யாததும்

1962-ஆம் ஆண்டு புனித வெள்ளியன்று, பாஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தேவாலயத்தில் வால்டர் பாங்க்கே என்ற ஆராய்ச்சியாளர் ஒரு சோதனை நடத்தினார். இறையியல் மாணவர்கள் இருபது பேர் நான்கு நான்கு பேராக அமர்ந்தனர். ஒவ்வொரு குழுவுக்கும் இரண்டு துணைவர்கள் இருந்தனர். பாதிப்பேருக்குக் காளானிலிருந்து கிடைக்கும் சைலோசைபின் என்ற மருந்து தரப்பட்டது. அதைப் பெற்றவர்களில் பெரும்பாலோர் ஆழ்ந்த அனுபவம் பெற்றதாகக் கூறினார்கள். ஆனால் ஒரு மாணவர் கட்டுக்கடங்காத நிலையை அடைந்தார். அவருக்கு அமைதியூட்டும் ஊசி போட வேண்டியதாயிற்று. முதல் அறிக்கையில் சொல்லப்படாத இச்செய்தி, 1991-இல் வெளியான மறு ஆய்வில்தான் தெரியவந்தது. அந்த மாணவர் பூட்டிய அறையில் தனியாக இருந்திருந்தால் அவரது கதி என்னவாகியிருக்கும்?

2006-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஆய்விலும் கண்களை மூடிப் படுத்திருந்தவரின் அருகில் பயிற்சி பெற்ற துணைவர்கள் அமர்ந்திருந்தார்கள். மனநோய்ப் பின்னணி உடையவர்களை இத்தகைய ஆய்வுகளில் சேர்ப்பதில்லை. இவ்வளவு காவலும் ஆராய்ச்சிக்கூடத்திலேயே தேவைப்படுகிறது. விடுதி அறையில் தன்னந்தனியாகச் சோதித்துப் பார்க்க எண்ணும் இளைஞர் இதைச் சிந்திக்க வேண்டும். நம் நாட்டில் இம்மருந்துகளை வைத்திருப்பதே 1985-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பதையும் மறத்தலாகாது.

ஆக, தனிமையைவிடத் துணை பாதுகாப்பானது என்பது தெளிவு. ஆனால் துணையினால் அந்த அனுபவம் நிலைத்து நிற்குமா? ஹார்வர்டு பேராசிரியராக இருந்த ரிச்சர்ட் ஆல்பர்ட்டின் வாழ்க்கை இதற்கு விடை கூறுகிறது. அவரும் வேறு ஐந்து பேரும் ஒரு வீட்டில் மூன்று வாரங்கள் அடைபட்டு, நான்கு மணிக்கு ஒருமுறை எல்.எஸ்.டி. உட்கொண்டார்கள். என்ன பயன்? மருந்தின் வேகம் தணிந்ததும் பழைய மனத்திற்கே திரும்பினார்கள். இதை அவரே எழுதியிருக்கிறார்.

உண்மையான ஏகாந்தம்

யோகி ஏகாந்தத்தில் தனித்திருந்து மனத்தை யோகத்தில் நிறுத்த வேண்டும் என்று கீதையின் ஆறாம் அத்தியாயம் போதிக்கிறது. அதே இடத்தில் ஆசையின்மையையும் உடைமையின்மையையும் பகவான் சேர்த்தே வலியுறுத்துகிறார். அறையில் வேறு ஆள் இல்லை என்பதனால் மட்டும் அது ஏகாந்தம் ஆகிவிடாது. ஒரு பொருளை நம்பி, 'இது எனக்கு ஏதேனும் தரும்' என்ற எதிர்பார்ப்போடு அமர்பவர் தனித்திருக்கவில்லை. ஆசையும் அவருடன் அமர்ந்திருக்கிறது. ஆசை அடங்கியவரோ சந்தையின் நடுவிலும் ஏகாந்தத்தில் இருக்கிறார்.

மூலிகையாலும் சித்திகள் தோன்றும் என்று பதஞ்சலி முனிவர் யோக சூத்திரத்தின் நான்காம் பாதத் தொடக்கத்தில் ஒப்புக்கொள்கிறார். பலர் இதை மட்டும் எடுத்துக்காட்டிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். அதே பாதத்தின் ஆறாவது சூத்திரத்தையும் படிக்க வேண்டும். தியானத்தில் பிறந்த மனமே சம்ஸ்காரப் பதிவுகளற்றது என்று அங்கே அவர் தீர்ப்புக் கூறுகிறார். காட்சி தோன்றியதா என்பதைவிட, மனம் தூய்மையடைந்ததா என்பதே சாதகன் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

மின்னல் ஒரு கணம் பாதையைக் காட்டலாம். அந்த வெளிச்சத்தில் ஊர்போய்ச் சேர முடியாது. கையில் அகல்விளக்கு வேண்டும். அதற்கு நாள்தோறும் எண்ணெய் ஊற்றுவது ஏகாந்த சாதனை. காற்றில் அணையாதபடி சுற்றி மறைக்கும் கைகள் சத்சங்கம். இரண்டில் ஒன்று போதும் என்பது அறியாமை.

கனியால் அறியலாம்

1967-இல் இந்தியா வந்த ஆல்பர்ட், இமயமலைப் பகுதியில் நீம் கரோலி பாபாவைத் தரிசித்தார். பாபா கேட்டு வாங்கி உட்கொண்ட எல்.எஸ்.டி. அவரிடம் எந்த மாற்றத்தையும் உண்டாக்கவில்லை என்று ஆல்பர்ட் எழுதியுள்ளார். ராம் தாஸ் என்ற பெயருடன் அவர் சாதனையிலும் சேவையிலும் ஈடுபட்டார். 1978-இல் 'சேவா ஃபவுண்டேஷன்' என்ற அமைப்பை நிறுவியவர்களுள் அவர் ஒருவர். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை நிறுவிய டாக்டர் கோ. வெங்கடசாமி மற்றொருவர். பார்வையிழந்த ஏழைகளுக்கு ஒளி தருவதே அதன் பணி. மூன்று வாரம் பூட்டிக்கிடந்த வீட்டைக் காட்டிலும் இந்தச் சங்கம் எவ்வளவு உயர்ந்தது!

அன்பர்களே! விடியற்காலையில் அரைமணி நேரம் ஏகாந்தத்தில் இறைவனை நினையுங்கள். வாரம் ஒருமுறையேனும் நல்லோருடன் கூடி அமருங்கள். துன்புறும் ஒருவருக்காவது கைகொடுங்கள். இவற்றில் காட்சிகள் தோன்றாமல் போகலாம். அதனால் மனம் சோர வேண்டாம். ஓராண்டு கழித்து உங்கள் கோபம் குறைந்திருக்கிறதா, பிறர் துயர் கண்டு உள்ளம் உருகுகிறதா என்று சோதித்துப் பாருங்கள். அந்த மாற்றம் மருந்தின் வேகம் தணிவதுபோல் மாலைக்குள் மறைந்துவிடுவதில்லை.