பொறுப்பேற்கத் தயங்கும் நல்லவர்கள்

நம்மவர் சங்கங்களின் ஆண்டுப் பொதுக் கூட்டங்களுக்குச் சென்று பழகியவர்களுக்கு நாம் சொல்லப் போவது புதிதாயிராது. வரவு செலவுக் கணக்கு வாசிக்கப்படும், தேநீரும் வந்துவிடும். அடுத்தது நிர்வாகிகள் தேர்தல் என்று அறிவித்தவுடன் மண்டபத்தில் பேச்சு மூச்சு இராது. நாணயத்துக்கும் நிதானத்துக்கும் பேர்பெற்ற வியாபாரி ஒருவரின் பெயரை யாரேனும் முன்மொழிந்தால், “எனக்குக் கடை இருக்கிறது பாய், என்னை விட்டுவிடுங்கள், வேறு நல்லவராகப் பாருங்கள்” என்று அவர் எழுந்து சொல்லிவிட்டு அமர்ந்துவிடுவார். இரண்டாமவரும் அப்படியே. முடிவில் பழைய தலைவரே வேண்டாவெறுப்பாகத் தொடர்வார். அல்லது நாற்காலிக்காகவே வந்த ஒருவர் அதில் அமர்ந்துவிடுவார். பிறகு ஓராண்டுக் காலம் கடை வாசல்களில் நின்று அவரைக் குறை பேசுவோம். அப்படிப் பேசுவோரில் முன்னணியில் நிற்பவர், “என்னை விட்டுவிடுங்கள்” என்று சொன்ன அதே நல்லவர்தாம் என்பது இதில் வேடிக்கை.

இவ்விதம் ஒதுங்குவதைப் பணிவு என்று நாம் பாராட்டி வந்திருக்கிறோம். அதற்கு மார்க்க ஆதாரமும் காட்டப்படும். தலைமைப் பதவியைக் கேட்டு வாங்க வேண்டாம் என்றும், கேட்டு வாங்கியவர் அதன் பாரத்தோடு தனியே விடப்படுவார் என்றும், கேளாமல் வந்து சேர்ந்தால் அவருக்கு இறைவனின் உதவி கிட்டும் என்றும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் தோழர் அப்துர் ரஹ்மான் பின் ஸமுரா (ரலி) அவர்களுக்கு உபதேசித்தார்கள். இது உண்மை. ஆனால் இந்த உபதேசத்தை ஓதிக் காட்டுவோர் அதன் பிற்பகுதியை விட்டுவிடுகிறார்கள். கேளாமல் வந்து சேர்ந்த பொறுப்பைத் தட்டிவிட்டு ஓடும்படி அதில் எங்கே சொல்லியிருக்கிறது?

இன்னொரு புறம் யூஸுப் நபி (அலை) அவர்களின் சரிதை இருக்கிறது. சிறையிலிருந்து வெளிவந்து மிஸ்ரு மன்னனின் முன் நின்றவர், நாட்டின் களஞ்சியங்களைத் தம் பொறுப்பில் விடும்படி தாமே கேட்டார். காப்பாற்றவும் தெரியும், அதற்கான அறிவும் உண்டு என்று தம் தகுதியையும் எடுத்துச் சொன்னார். அப்படியானால் அவர் கேட்டது பிழையா? அவர் ஓர் இறைத்தூதர். பிழை என்று சொல்ல நமக்கு நாக்கு எழாது. உலமாக்கள் இதற்குப் பல விளக்கங்கள் தந்திருக்கிறார்கள். கடைக்காரர் கண்ணில் படுவது ஒன்றுண்டு. அவர் அரியணையைக் கேட்கவில்லை, பண்டகசாலையைக் கேட்டார். ஏழாண்டு விளைச்சலும் அதன்பின் ஏழாண்டுப் பஞ்சமும் வரவிருந்தன. தானியத்தை அளந்து வைத்து, அளந்து கொடுக்கத் தெரிந்தவர் அங்கே வேறு யாருமில்லை. அந்நிலையில் அவர் வாய்மூடி நின்றிருந்தால் பட்டினியால் மாண்டிருப்போருக்கு யார் பதில் சொல்வது? பட்டத்துக்காகக் கேட்பது ஒன்று, பஞ்சத்துக்காகக் கேட்பது வேறொன்று. முன்னதைத்தான் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள் என்று நாம் விளங்கிக் கொள்கிறோம்.

அதற்காக நல்லவரெல்லாம் தலைவராகிவிடலாம் என்றும் எண்ணிவிட வேண்டாம். அபூதர் அல்கிஃபாரி (ரலி) அவர்களைவிட உண்மையாளரை எங்கே தேடுவது? உலக ஆசையற்ற அந்தப் பெரியவர் ஒருமுறை தமக்குப் பொறுப்பொன்று தரக் கேட்டபோது, அவர் அதற்கு வலிமையற்றவர் என்றும், அது ஓர் அமானத் என்றும், உரிய முறையில் ஏற்று நிறைவேற்றாதவர்களுக்கு மறுமையில் அது இழிவும் கைசேதமுமாகும் என்றும் நாயகம் (ஸல்) அவர்கள் அன்போடு எடுத்துச் சொன்னார்கள். தொழுகையாளி என்பதாலும் தர்மவான் என்பதாலும் மட்டும் ஒருவரைத் தலைமையில் இருத்திவிட்டுப் பின்னர் கையைப் பிசைகிற நம் ஜமாஅத்துகள் இதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். தலைமை என்பது தனியாக ஒரு குணம். பலருடைய காரியத்துக்குத் தான் ஒருவனாகப் பதில் சொல்லத் துணிவதும், அந்தப் பலரின் கோணல்களைத் தாங்கிக் கொண்டு வேலையை நடத்துவதுமே அந்தக் குணம். தக்வா அதற்கு உயிர் என்றாலும் உயிர் மட்டும் சுமை தூக்காது, தோளும் வேண்டும்.

அந்தத் தோள் பிறவியில் வருவதா, பழக்கத்தில் வருவதா? பழக்கத்தின் பங்கே பெரிது என்பது நம் கட்சி. அதற்கு வியாபாரிகளாகிய நமக்கு ஒரு பெருமையான சாட்சியுண்டு. அபூபக்கர் சித்தீக் (ரலி) அவர்கள் துணி வியாபாரி. 632ஆம் ஆண்டு கலீபாவாக அவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்ட மறுநாள் காலை, வழக்கம்போலத் துணிமூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு கடைத்தெருவுக்குப் புறப்பட்டார்கள் என்றும், வழியில் உமர் (ரலி) அவர்கள் கண்டு தடுத்த பின்னரே பொது நிதியிலிருந்து அவர்களுக்கு அளவான படி நிர்ணயிக்கப்பட்டது என்றும் சரித்திரக்காரர்கள் எழுதுகிறார்கள். பதவியேற்ற முதல் பேச்சிலேயே, தாம் நேராக நடந்தால் துணை நிற்கும்படியும் தவறினால் திருத்தும்படியும் மக்களைக் கேட்டுக் கொண்டவர் அவர். வாடிக்கையாளர் முன்னிலையில் துணியை விரித்துக் காட்டி, குறையைக் குறையென்று சொல்லி விற்றுப் பழகிய நாவுக்கு அப்படிப் பேசுவது கடினமாயிராது.

நம் பேராக் மாநிலத்துப் பழைய தோட்டக் கடைகளையும் இங்கே நினைத்துப் பார்க்கலாம். இன்று அந்த ரப்பர்க் காடுகளில் பல செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. அந்நாளில் விடியுமுன் பெரட்டுக்குப் போன தொழிலாளி, மழை பிடித்துக் கொண்டால் வெறுங்கையோடு திரும்புவார். மரம் வெட்டாத நாளுக்குக் கூலியில்லை. அரிசியும் கருவாடும் கடையில் பற்றெழுதித்தான் போக வேண்டும். எந்தக் குடும்பத்துக்கு எத்தனை நாள் தவணை, யார் குடித்துத் தீர்ப்பவர், யார் வீட்டில் பிள்ளை நோயாகக் கிடக்கிறது என்பதெல்லாம் கடைக்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டும். எல்லாருக்கும் கொடுத்தால் கடை மூழ்கும். எவருக்கும் கொடாவிட்டால் லயத்தில் அடுப்பெரியாது. தினந்தோறும் இந்த நடுவழியைத் தேடித் தேடி, ஆளை எடைபோடவும் முகங்கோணாமல் ‘இல்லை’ என்று சொல்லவும் ஒருவர் கற்றுக்கொண்டார் என்றால், அதைவிடத் தலைமைக்கு என்ன பள்ளிக்கூடம் வேண்டும்? அதே பற்றுப் புத்தகத்தைக் கொண்டு ஏழையைக் கட்டிப் போட்டவர்களும் இல்லாமல் இல்லை. பள்ளிக்கூடம் ஒன்றுதான், படித்தவர்கள் இருவகை.

அந்தத் தோட்டங்களைப் பற்றிப் பேசும்போது நம் அண்டை ஊரான சுங்கை சிப்பூட்டில் 1919இல் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் அவர்களைச் சொல்லாமல் தாண்ட இயலாது. அவர் நம் மார்க்கத்தவரல்லர் எனினும் நம் மொழியினர், நம் மண்ணினர். ஐம்பதுகளின் இறுதியில் ஐரோப்பிய முதலாளிகள் பலர் தோட்டங்களை விற்றுவிட்டுப் புறப்பட, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு போட்டு விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று அதற்குப் பெயர். வேலையும் போய், குடியிருந்த லயமும் போய்த் தொழிலாளர் தெருவில் நின்றனர். 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. தொழிலாளர்களே சிறுகச் சிறுகப் பணம் சேர்த்துத் தோட்டத்தை வாங்குவது என்பது ஏற்பாடு. ஆளுக்கு மாதம் பத்து வெள்ளி. மழைக்குப் பயந்த கூலிக்காரருக்குப் பத்து வெள்ளி சிறு தொகையன்று. அந்நாளில் அவர் மந்திரி. அறிக்கை ஒன்று விட்டுவிட்டு இருந்திருக்கலாம். ஆனால் தோட்டந் தோட்டமாகப் போய், தொழிலாளரைக் கூட்டி வைத்து விளக்கிச் சொன்னார். மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் அந்தச் சங்கத்துக்குச் சொந்தமாயிற்று. 1979இல் அவர் மறைந்தார், சங்கம் மறையவில்லை. நடத்தியவர் போன பின்னும் காரியம் நடக்கிறதா என்று பார்ப்பதைவிடச் சிறந்த தராசு தலைமைக்கு உண்டா என்று நமக்குத் தெரியவில்லை.

நம் சமுதாயத்துக்குள் பார்த்தால், ஒதுங்கிக் கொள்ள எல்லா நியாயமும் இருந்தும் ஒதுங்காத ஒருவர் காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாகிப் அவர்கள். 1896இல் திருநெல்வேலியில் பிறந்தவர், தோல் வியாபாரி. 1947இல் பிரிவினை வந்தபோது முஸ்லிம் லீக்கின் பெருந்தலைவர்கள் பலர் பாகிஸ்தான் போய்விட்டார்கள். எஞ்சியவர்களில் பலர் கட்சியைக் கலைத்துவிடுவதே பாதுகாப்பு என்றனர். அந்தக் காலத்தில் லீக்கின் பெயரைச் சொல்லிக் கொண்டு தலைமையேற்பது முள்முடியைச் சூடுவதாகும். 1948 மார்ச்சில் சென்னை ராஜாஜி மண்டபத்தில் கூடிய கூட்டத்தில் இந்திய யூனியன் முஸ்லிம் லீக் அமைக்கப்பட்டு, அவரே தலைவரானார். அவருடைய அரசியலை ஏற்பவர் ஏற்கட்டும், மறுப்பவர் மறுக்கட்டும். நாம் இங்கே கட்சி பேச வரவில்லை. வியாபாரத்தைக் கவனித்துக் கொண்டு சுகமாயிருந்திருக்கக் கூடியவர், எவரும் தொட அஞ்சிய பாரத்தைத் தூக்கினார் என்பதே நாம் காட்ட விரும்புவது. தமிழரான அவரை மலையாளம் பேசும் மஞ்சேரித் தொகுதியினர் 1962, 1967, 1971 என மூன்று முறை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். 1972இல் அவர் மறைந்தார்.

இத்தகையவர்கள் வானத்திலிருந்து இறங்குவதில்லை. இளமையில் யாரோ பொறுப்புக் கொடுத்துப் பழக்குகிறார்கள். இதில் நாம் மிகவும் கஞ்சத்தனம் காட்டுகிறோம். மகனுக்கு முப்பத்தைந்து வயதாகியும் கல்லாப்பெட்டிச் சாவியைக் கொடாத தகப்பன்மார் ஈப்போவில் எத்தனை பேர்! மொத்தக் கடைக்குக் கொள்முதலுக்கு அனுப்பினாலும், அவன் போய்ச் சேருமுன் அங்கே தொலைபேசியில் விலையைப் பேசி முடித்துவிடுவார்கள். அப்படி வளர்ந்தவன் நாற்பது வயதில் சங்கக் கூட்டத்தில் எழுந்து “என்னை விட்டுவிடுங்கள்” என்று சொல்லாமல் வேறென்ன சொல்வான்?

நாயகம் (ஸல்) அவர்கள் தம் இறுதி நாட்களில் உஸாமா பின் ஸைத் (ரலி) அவர்களைப் படைத்தலைவராக்கினார்கள். அவருக்கு இருபது வயதுகூட நிரம்பவில்லை என்பர். பெரிய பெரிய ஸஹாபாக்கள் அவர் கீழ் நிறுத்தப்பட்டார்கள், முணுமுணுப்பும் எழுந்தது. நாயகம் (ஸல்) அவர்களின் மறைவுக்குப் பின் அந்தப் படையை அனுப்பி வைத்த அபூபக்கர் (ரலி) அவர்கள், வாலிபர் குதிரை மேலிருக்கத் தாம் அருகே நடந்து சென்றார்கள். “நீங்கள் ஏறுங்கள், அல்லது நான் இறங்குகிறேன்” என்று உஸாமா மன்றாடியும் இசையவில்லை. உமர் (ரலி) அவர்கள் மதீனாவில் தங்குவது அவசியமாயிருந்தது. கலீபா ஒரு சொல்லில் ஆணையிட்டிருக்கலாம். ஆனால் உமரைத் தம்மிடம் விட்டுச் செல்ல இயலுமா என்று அந்த வாலிபரிடம் அனுமதி கேட்டார்கள். படை முழுதும் பார்த்துக் கொண்டிருக்கக் கேட்கப்பட்ட அந்த அனுமதி, உஸாமாவின் தோளை ஓர் அங்குலம் உயர்த்தியிருக்குமா இல்லையா?

நமக்குப் படைகள் இல்லை. நோன்புக் கஞ்சி இருக்கிறது. முப்பது நாள் கஞ்சி என்றால் அரிசி, இறைச்சி, விறகு அல்லது எரிவாயு, சமையல்காரர், நன்கொடையாளர், பாத்திரம் ஏந்தி நிற்கும் சிறுவர்கள், நேரத்துக்குக் கொண்டு போய்ச் சேர்க்க வேண்டிய வீடுகள் என்று ஒரு சிறு ராஜ்யமே அதில் அடங்கியிருக்கிறது. வருகிற ரமலானில் அந்தந்தப் பள்ளிவாசலின் நிர்வாகம் இருபத்தைந்து வயதுக்குட்பட்ட ஒருவரிடம் அதை முழுமையாக ஒப்படைத்துப் பார்க்கட்டும். பணமும் அவர் கையில், கணக்கும் அவர் கையில். வாரந்தோறும் வெள்ளிக்கிழமை அந்தக் கணக்கை அவரே ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டும். பதினைந்தாம் நோன்பில் அரிசி குறையும், குறையாமல் இராது. அப்போது பெரியவர்கள் தங்கள் கடையிலிருந்து ஒரு மூட்டையைத் தூக்கிக் கொண்டு ஓடி வர வேண்டாம். அவர் வந்து கேட்கும் வரை காத்திருங்கள். கேட்டால், எத்தனை மூட்டை, யாருடைய கணக்கில், எப்போது தீர்ப்பது என்பதை அவரையே முடிவு செய்யச் சொல்லுங்கள்.