காப்பதும் எரிப்பதும்

கடுமையான வைரஸ் நுரையீரல் தொற்றில் ஒருவர் இறந்தால், அவரைக் கொன்றது வைரஸா, அதை எதிர்த்த அவருடைய உடலா? மருத்துவம் எழுப்பும் இந்தக் கேள்வி சமய மரபுக்குப் புதிதல்ல. பென்னாகரம் வட்டாரம் உட்படத் தமிழ்நாடெங்கும் மாரியம்மன் வழிபாட்டில் அம்மையைத் தருபவளும் தணிப்பவளும் ஒருத்தியே. வேப்பிலையும் கூழும் அவள் வெம்மையைத் தணிப்பதற்காகவே. பகையாக எண்ணி அவளை யாரும் விரட்டுவதில்லை.

கொரோனாவின் இரண்டாம் அலையில், 2021 கோடையில், பென்னாகரம் பகுதியில் நோய் முற்றியவர்களுக்குப் பெரிய மருத்துவமனை என்றால் சுமார் 30 கி.மீ. தள்ளியுள்ள தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைதான். இந்நோயில் மூச்சுத் திணறல் பெரும்பாலும் காய்ச்சல் கண்டு ஒரு வாரம் கழித்தே வரும். அதற்குள் உடலில் வைரஸின் அளவு பொதுவாகக் குறையத் தொடங்கியிருக்கும். வைரஸ் தணியும்போது நோய் ஏன் முற்றுகிறது என்பதே புதிர்.

வைரஸ் நுழைந்ததும் நுரையீரல் செல்கள் இன்டர்ஃபெரான் என்ற புரதத்தைச் சுரந்து அக்கம்பக்கத்துச் செல்களை எச்சரிக்க வேண்டும். கவலைக்கிடமான நோயாளிகள் பலரிடம் இந்த முதல் எச்சரிக்கை பிந்துகிறது, அல்லது வலுவிழந்து வருகிறது. பிறகு வரும் அழற்சியோ அடங்குவதில்லை. இன்டர்லூக்கின்-6 போன்ற வேதிப்பொருள்கள் பெருகுகின்றன. ரத்த நாளங்களிலிருந்து நீர் கசிந்து காற்றுப்பைகளை நிரப்புகிறது. நுண்நாளங்களில் ரத்தம் உறைகிறது. அதே வேளையில், வைரஸைக் குறிபார்த்து அழிக்க வேண்டிய டி செல்கள் ரத்தத்தில் குறைந்துபோகின்றன. ஆக, ஒரே உடலில் ஒரே நாளில் எதிர்ப்பு மிகையாகவும் இருக்கிறது, குறையாகவும் இருக்கிறது. ‘எதிர்ப்புச் சக்தி’ என்று ஒருமையில் பேசுவதே இங்கே பொருந்தாமல் போகிறது.

பிரிட்டனில் நடந்த ‘ரெகவரி’ ஆய்வு 2020இல் இதற்குச் சான்று தந்தது. அழற்சியை அடக்கும் டெக்சாமெத்தசோன் என்ற மலிவான பழைய மருந்து, வென்டிலேட்டரில் இருந்தவர்களின் 28 நாள் இறப்பை 41.4 விழுக்காட்டிலிருந்து 29.3 ஆகக் குறைத்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் பலனில்லை. தீங்காகவும் இருக்கலாம் என்று தோன்றியது. உடலின் காவலைக் கட்டிப்போடுவது ஒருவரைக் காப்பாற்றுகிறது, இன்னொருவருக்கு உதவவில்லை. 2021இல் இந்தியாவில் கருப்புப் பூஞ்சை பரவியதற்குக் கட்டுக்குள் இல்லாத சர்க்கரை நோயோடு ஸ்டீராய்டு மிகையும் முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது.

மிகையும் குறையும் இரண்டுமே நோய் என்பது திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரத்தில் முதல் குறளே சொல்லும் கருத்து. பரிமேலழகர் அந்த மிகுதி குறைவை உணவுக்கும் செயலுக்கும் உரியதாக்குகிறார். அப்படிக் கொள்ளும்போது அளவு தவறியதற்கு நோயாளியே பொறுப்பாகிறார். அறநூலுக்கு இது பொருத்தம். தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடப்பவரைப் பற்றி இப்படிப் பேசுவது கொடுமை. தொற்றுக் காலத்தில் கபசுரக் குடிநீர் குடித்தவரும் குடிக்காதவரும் ‘எதிர்ப்புச் சக்தி’யை ஒரு நற்குணம் போலவே பேசினர். இறந்தவருக்கு அது போதவில்லை என்ற பேச்சில் ஒரு குற்றச்சாட்டும் ஒளிந்திருந்தது. வினைப்பயன் என்ற விளக்கமும் அதன் பக்கத்திலேயே நின்றது.

உடலோ அந்தக் கணக்கில் அடங்குவதில்லை. கவலைக்கிடமான கொரோனா நோயாளிகளில் குறைந்தது 10 விழுக்காட்டினரின் ரத்தத்தில், தம் இன்டர்ஃபெரானையே முடக்கும் எதிர்ப்புரதங்கள் இருந்ததை 2020இல் ஒரு பன்னாட்டு ஆய்வுக் குழு கண்டது. அவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். பரிசோதிக்க முடிந்த சிலருக்குத் தொற்றுக்கு முன்பே அவை இருந்தன. வயது 70ஐத் தாண்டும்போது இவ்வகை எதிர்ப்புரதம் உள்ளோர் விகிதம் கூடுகிறது. அதற்குத் தனி அறிகுறி ஏதும் தெரிவதில்லை. கடுமையான ஒரு வைரஸ் வரும்வரை அவர்களில் பலர் நலமாகவே நடமாடுகிறார்கள்.