பிளிமத் பாறை: இடத்துக்குப் புனிதம் எங்கிருந்து வருகிறது?

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள பிளிமத் ஊரில், கடற்கரையோரத்தில் பிளிமத் பாறை என்ற கல்லை வைத்திருக்கும் மண்டபத்திலிருந்து டவுன் புரூக் ஓடைக்கரை வழியாக ப்ரூஸ்டர் தோட்டத்தைத் தாண்டிப் பழைய மாவு ஆலை வரை நடந்து போகலாம். வசந்த காலத்தில் கடலிலிருந்து ஹெர்ரிங் மீன்கள் முட்டையிட இந்த ஓடையில் எதிரேறி வரும். நீரோரமும் பழைய வரலாறும் சேர்ந்த இத்தகைய பாதைகள் ஜியோகேச்சிங் விளையாட்டுக்கு வெகுவாகப் பொருந்துபவை.

அந்த விளையாட்டு பிறந்ததே துல்லியத்தால்தான். ஜிபிஎஸ் சமிக்ஞையில் வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை அமெரிக்க அரசு 2000 மே 2 அன்று நீக்கியது. நூறு மீட்டர் வரை தவறிக்கொண்டிருந்த கைக்கருவிகள் சில மீட்டருக்குள் இடத்தைச் சுட்டத் தொடங்கின. மறுநாள் ஆரிகன் மாநிலத்தில் டேவ் அல்மர் என்பவர் ஒரு வாளியில் சில பொருள்களை இட்டு மறைத்து, அதன் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் வெளியிட்டார். தேடிக் கண்டவர் உள்ளே இருக்கும் ஏட்டில் பெயரெழுதிவிட்டு டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும். வீட்டிலிருந்தே படித்தறியக்கூடிய ஓரிடத்துக்கு உடம்போடு போய் நின்றால்தான் கணக்கில் சேரும் என்ற இந்த விதி, தீர்த்த யாத்திரையின் விதியும்தான்.

வரலாற்றிடங்களில் பல கட்டப் புதிர் வகை அதிகம். நினைவுச்சின்னத்தில் பொறித்த ஆண்டைக் குறித்துக்கொண்டு, அதன் இலக்கங்களைக் கூட்டியோ கழித்தோ அடுத்த இடத்துக்கான எண்களைப் பெற வேண்டும். பிளிமத் பாறையில் பொறித்திருப்பது 1620. ஒருவர் இந்த எண்ணைக் கொண்டு புதிர் அமைத்தால், தேடுபவர் டப்பாவைக் கண்டுபிடித்துவிடுவார். அந்த ஆண்டு வந்த குடியேறிகள் கரையேறும்போது கால்வைத்த கல் இது என்ற கதை மெய்யா பொய்யா என்பது அந்தக் கணக்கில் எங்கும் குறுக்கிடாது. சமயத் தத்துவத்தின் பழைய கேள்வி ஒன்று இங்கே எழுகிறது: ஓரிடம் புனிதமாவது அங்கே ஏதோ நடந்ததாலா, நடந்ததாக மக்கள் நம்புவதாலா?

மேஃபிளவர் கப்பலில் வந்த குடியேறிகள் 1620 இறுதியில் இங்கே கரையேறினார்கள். அதை நேரில் கண்டு எழுதிய வில்லியம் பிராட்ஃபோர்டும் எட்வர்ட் வின்ஸ்லோவும் பாறை எதையும் குறிப்பிடவில்லை. 121 ஆண்டுகள் கழித்து, 1741இல், அந்தப் பாறையை மூடி ஒரு படகுத்துறை கட்டப் போவதாகச் செய்தி வந்தது. தாமஸ் ஃபான்ஸ் என்ற 94 வயதுப் பெரியவர் நாற்காலியில் தூக்கிவரப்பட்டு, முன்னோர் கால்வைத்த கல் இதுவே என்று அடையாளம் காட்டினார். தகப்பனார் சொல்லக் கேட்டது என்பதே அவரது சான்று. அந்தத் தகப்பனாரும் மேஃபிளவரில் வந்தவரல்லர். 1623இல் வந்து சேர்ந்தவர். இப்படித்தான் கல்லுக்கு ஒரு தலபுராணம் கிடைத்தது.

பிறகு கல் ஊர்சுற்றியது. 1774இல் எருதுகளைப் பூட்டி இழுத்தபோது இரண்டாகப் பிளந்தது. மேல்பாதி ஊர்ச் சதுக்கத்துக்குப் போனது. 1834இல் அங்கிருந்து பில்கிரிம் ஹால் அருங்காட்சியகத்துக்கு மாறியது. 1880இல் கடற்கரைக்குத் திரும்பி அடிப்பாதியோடு ஒட்டப்பட்டது. 1620 என்ற எண் பொறிக்கப்பட்டதும் அந்த ஆண்டுதான். 1920இல் கரையைத் திருத்தியபோது மறுபடி பெயர்த்து, இப்போதைய மண்டபத்துக்குள் வைத்தார்கள். இடையில் பயணிகள் உடைத்தெடுத்துக்கொண்டு போன சில்லுகளுக்குக் கணக்கில்லை. அமெரிக்க நகரங்கள் பலவற்றில் அவை போற்றிப் பாதுகாக்கப்படுவதைக் கண்டதாகப் பிரெஞ்சு எழுத்தாளர் அலெக்சி த தோக்வீல் எழுதியிருக்கிறார். புவியியலைக் கேட்டால் இன்னொரு விடையும் உண்டு: பனியாறு வேறெங்கிருந்தோ உருட்டிவந்து போட்ட கருங்கல் இனப் பாறை இது.

கரையேறியவர்கள் இதையெல்லாம் பார்த்திருந்தால் முகம் சுளித்திருப்பார்கள். இங்கிலாந்துத் திருச்சபை போதிய அளவு சீர்திருந்தவில்லை என்று பிரிந்து வந்தவர்கள் அவர்கள். புனிதர் விழா, திருத்தல யாத்திரை, எலும்புப் பேழை எதுவும் அவர்களுக்கு ஆகாது. கிறிஸ்துமஸ் நாளைக்கூட வேலை நாளாகவே வைத்திருந்தார்கள். அவர்களுடைய இறையியலுக்கு ஆசானான கால்வின், புனிதச் சின்னங்களைச் சாடி 1543இல் தனி நூலே எழுதியிருந்தார். கிறிஸ்தவ மரபுக்குள் இந்த ஐயம் இன்னும் பழையது. நான்காம் நூற்றாண்டில் நைசா நகர ஆயர் கிரெகோரி, எருசலேமுக்குப் போவதால் ஒருவர் கடவுளை நெருங்கிவிடுவதில்லை என்று ஒரு கடிதத்தில் வாதிட்டார். அவரும் எருசலேமைப் பார்த்துவந்தவரே.

ஓரிடம் புனிதமாவது எதனால் என்ற கேள்விக்கு இருபதாம் நூற்றாண்டில் இரண்டு முக்கியமான விடைகள் வந்தன. சமய வரலாற்றாளர் மிர்ச்சா எலியாதே, புனிதம் தானே ஓரிடத்தில் வெளிப்பட்டு அதைச் சுற்றுப்புறத்திலிருந்து பிரித்துவிடுகிறது என்றார். மனிதர் இடத்தைத் தேர்வதில்லை, கண்டடைகிறார். சமூகவியலாளர் மோரிஸ் ஹால்ப்வாக்ஸ் 1941இல் வெளியிட்ட நூலில் நற்செய்திகளின் இடங்களை ஆராய்ந்து வேறு முடிவுக்கு வந்தார்: கூட்டு நினைவு நிலைத்து நிற்க ஒரு பிடிமானம் வேண்டும், அதற்காகச் சமூகம் தன் நம்பிக்கையை நிலத்தில் ஊன்றிக்கொள்கிறது. உயிர்த்த இயேசு வழிநடந்த எம்மாவு ஊர் இதுவே என்று ஒன்றுக்கு மேற்பட்ட இடங்கள் உரிமை கோருவதை அவர் வழியில்தான் எளிதாக விளக்க முடியும். பலமுறை இடம் மாறிய பிளிமத் கல்லும் அவர் பக்கமே சாட்சி சொல்கிறது.

ஆனால் ஹால்ப்வாக்ஸின் விளக்கத்தோடு வழக்கு முடியாது. ஒரே நிலத்தில் ஊன்றும் நினைவுகள் ஒன்றாகவே இருப்பதில்லை. பாறைக்கு எதிரே உள்ள கோல்ஸ் ஹில் மேட்டில்தான் முதல் குளிர்காலத்தில் மாண்டவர்கள் புதைக்கப்பட்டார்கள். கப்பலில் வந்த 102 பேரில் ஏறத்தாழப் பாதிப்பேர் அப்போது இறந்தார்கள். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு அதே நிலத்தில் பட்டுக்செட் என்ற வாம்பனோக் மக்களின் ஊர் இருந்தது. 1616க்கும் 1619க்கும் இடையே பரவிய கொள்ளைநோயில் அழிந்தது. 1970 முதல் ஆண்டுதோறும் நன்றி நவிலும் நாளில் பூர்வகுடிகள் அந்த மேட்டில் கூடித் துக்கம் அனுசரிக்கிறார்கள். அதைச் சொல்லும் பலகை ஒன்று 1998இல் அங்கே நிறுவப்பட்டது. ஆகவே பாறையிலிருந்து சில நிமிட நடையில் பொறிக்கப்பட்ட ஆண்டு ஒன்று மட்டுமல்ல: பாறையில் 1620, பலகையில் 1970. புதிர் அமைப்பவர் எந்த ஆண்டை எடுத்தாலும் கணக்கு சரியாகவே வரும். எதை எடுப்பது என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும்.