அளந்து இறுக்கு, அஞ்சாமல் ஓட்டு!

நண்பா, நீ கார் கட்டலாம். உன் வீட்டுக் கொட்டகையில், உன் கையாலேயே கட்டலாம். அதில் உனக்குச் சந்தேகமே வேண்டாம்!

1957-இல் இங்கிலாந்தில் லோட்டஸ் நிறுவனர் காலின் சாப்மன் லோட்டஸ் செவன் காரைக் கொண்டுவந்தார். அன்று முழு வண்டியாக வாங்கினால் கொள்முதல் வரி உண்டு. உதிரிகளாக வாங்கி வீட்டில் பூட்டிக்கொண்டால் இல்லை. காசைக் கணக்குப் பார்த்தவர்கள் தாங்களே பூட்டி ஓட்டினார்கள். 1973-இல் வாட் வரி வந்தது, சலுகை போனது. ஆசை போனதா? இல்லையே! அதே ஆண்டில் அந்தக் காரின் உரிமையைப் பெற்ற கேட்டர்ஹாம் நிறுவனம், அதன் வழிவந்த வண்டியை இன்றும் உதிரிகளாக விற்கிறது. 1996-இல் ரான் சாம்பியன், 250 பவுண்டில் ஸ்போர்ட்ஸ் கார் கட்டலாம் என்று ஒரு புத்தகமே எழுதினார். பழைய ஃபோர்டு எஸ்கார்ட்டைப் பிரித்துப் புதுக் கார் செய்யப் பலர் துணிந்தார்கள். அவர்களில் யாரும் ஸ்பேனரோடு பிறக்கவில்லை.

ஆனால் சஸ்பென்ஷன் முன்னால் உட்காரும்போது, "ஒன்றும் ஆகாது" என்ற பேச்சை வாசலிலேயே விட்டுவிட்டு வா. சக்கரத்தைச் சட்டத்தோடு பிடித்திருப்பவை ஒரு சில போல்ட்டுகள். பிரேக் போட்டாலும், வளைவில் திரும்பினாலும் பாரம் அவற்றின் மேல்தான் விழுகிறது. அந்தப் பாரத்தை வாய் அறியாது. அளந்து இறுக்கிய கை அறியும். நான் தன்னம்பிக்கை என்று சொல்வது அந்தக் கையின் அறிவைத்தான்.

போல்ட் என்ன செய்கிறது என்று முதலில் புரிந்துகொள். வெறும் ஆணி மாதிரி ஓட்டையில் கிடந்து பாரம் தாங்குவது அதன் வேலை இல்லை. இறுக்க இறுக்க அது மயிரிழை நீள்கிறது. நீண்டது சுருங்கப் பார்க்கிறது. அந்த இழுப்பில்தான் சட்டத்தில் உள்ள பிராக்கெட்டின் இரு கன்னங்களும், சஸ்பென்ஷன் கரத்தின் முனையில் இருக்கும் புஷ்ஷின் உள்குழாயைக் கவ்விப் பிடிக்கின்றன. நீ கொடுக்கும் முறுக்கில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் இந்த இழுப்பாக மாறுகிறது. மீதியெல்லாம் மரையிலும் போல்ட் தலைக்கு அடியிலும் உராய்விலேயே போய்விடும். மரையில் எண்ணெய் பட்டால் உராய்வு குறையும். அதே அளவுக்கு முறுக்கினாலும் போல்ட் அளவுக்கு மீறி இழுபடும். அதனால்தான் சொல்கிறேன்: கைக்கணக்கை நம்பாதே. கையேட்டில் உள்ள எண்ணைப் பார், மரை உலர்ந்திருக்க வேண்டுமா என்று பார், டார்க் ரென்ச்சை எடு.

அடுத்து ராடு எண்ட், அதாவது கரத்தின் முனையில் வரும் ஒரு மூட்டு. வளையத்துக்குள் ஒரு குண்டு. தேய்ந்தோ உடைந்தோ குண்டு வெளியே வந்தால் கரமே கழன்றுவிடும். இரு பக்கமும் பிராக்கெட் பிடித்திருந்தால் தப்பிப்பாய். ஒரு பக்கம் மட்டும்தான் என்றால், வளையத்தின் துளையைவிடப் பெரிய வாஷர் ஒன்றைக் கட்டாயம் போடு. குண்டு பிய்ந்தாலும் கரம் போல்ட்டை விட்டுப் போகாது. கல்லூரி மாணவர்கள் தாங்களே கட்டிய ரேஸ் கார்களோடு மோதும் ஃபார்முலா ஸ்டூடண்ட் போட்டிகளின் விதியும் இதையேதான் கேட்கிறது. போல்ட் 8.8 தரத்துக்குக் குறையக் கூடாது, பூட்டு நட்டைத் தாண்டி இரண்டு முழு மரையாவது வெளியே தெரிய வேண்டும் என்றும் அது சொல்கிறது. கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில் அதே வகைப் போட்டியான ஃபார்முலா பாரத்துக்கு வந்த கல்லூரிப் பிள்ளைகள் பரிசோதகர் முன்னால் நிமிர்ந்து நின்றது வேறு எந்தத் தைரியத்தில்? இப்படி ஒவ்வொரு போல்ட்டையும் பார்த்த தைரியத்தில்தான்!

ரப்பர் புஷ்ஷை வண்டி அந்தரத்தில் இருக்கும்போது இறுக்காதே. சக்கரங்கள் தரையில் நின்று, வண்டி தன் எடையில் அமர்ந்தபின் கடைசி இறுக்கு கொடு. இல்லாவிட்டால் ரப்பர் எந்நேரமும் முறுக்கிக்கொண்டே இருந்து கிழியும். பால் ஜாயின்ட்டின் கூம்பில் கிரீஸ் தடவாதே. துடைத்துச் சுத்தமாகப் பூட்டு. நட்டு கழலாமல் தடுக்கும் ஸ்பிளிட் பின்னுக்கான துளை நேராக வரவில்லையா? நட்டை இன்னும் சற்று இறுக்கித் துளைக்குக் கொண்டு வா. ஒருபோதும் தளர்த்தாதே! கழற்றிய நைலாக் நட்டை (உள்ளே நைலான் வளையம் உள்ள பூட்டு நட்டை)த் திரும்பப் போடாதே. சில ரூபாய்க்கு உன் உயிரை விற்பாயா?

ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதே, ஸ்டாண்டு வை.

இறுக்கி முடித்த ஒவ்வொரு நட்டின் மேலும் ஒரு பெயின்ட் கோடு போடு, போல்ட்டிலும் படும்படி. அது விலகினால் நட்டு நகர்ந்துவிட்டது என்று பார்த்த மாத்திரத்தில் தெரியும். பிறகு விவரம் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு, "இதில் குறை கண்டுபிடியுங்கள்" என்று நீயே கேள். தன் வேலையை அறிந்தவன்தான் அப்படிக் கேட்பான். அதில் வெட்கம் எதற்கு? பிரிட்டனில் வீட்டில் கட்டிய காரை 2009 முதல் தனிவாகன அங்கீகாரச் சோதனைக்குக் கொண்டுபோகிறார்கள். பரிசோதகர் கீழே குனிந்து பார்ப்பார். பார்க்கட்டும்! அவர் பார்க்கும் முன்பே நீ பார்த்திருக்க வேண்டும்.

முதல் ஓட்டம் முடிந்து வந்ததும் எல்லா நட்டையும் மறுபடி சோதி. புதுப் பெயின்ட்டும் புது உலோகமும் அமுங்கும், இறுக்கம் குறையும்.

எழுந்திரு. கையேட்டைத் திற. முன்பக்க இடது கரத்திலிருந்து தொடங்கு.