அறியாமல் செய்தோம் எனலாமா?



விடத்தல்தீவுக் கரையில் நீர் வற்றிய வேளையில் நடந்தவர்கள் அந்தக் கரிய சேற்றை எளிதில் மறக்கமாட்டார்கள். அதைக் காலிலிருந்து கழுவ எத்தனை வாளித் தண்ணீர்! ஆனால் கண்டல் வேர்களுக்கிடையே படிந்து கிடக்கும் அந்தச் சேறு ஒரு பழைய ஏடு என்று அறிஞர் கூறுகின்றனர்.

குளத்தின் அடியில் நீண்ட குழாயை இறக்கி, வண்டலைக் குலையாமல் வெளியே எடுக்கின்றனர். அடிப்படை பழையது, மேற்படை புதியது. அதிலுள்ள மகரந்தத் துகள்கள் அக்காலத்தில் எந்த மரம் நின்றது, மழை பொழிந்ததா பொய்த்ததா என்பதைச் சொல்லும். நமது ஹோர்ட்டன் சமவெளியின் சதுப்பு மண்ணிலே இவ்வாறு 24,000 ஆண்டுக் காலப் பருவமழையின் வரலாற்றைப் படித்திருக்கிறார்கள்.

மனிதன் செய்ததும் அதில் எழுதப்படுகிறது. நம் ஆண்டவர் இவ்வுலகில் வாழ்ந்த காலத்தில் உரோமையர் வெள்ளிக்காகத் தாது உருக்கினர். அப்போது எழுந்த ஈயப் புகை காற்றோடு சென்று சுவீடன் நாட்டு ஏரிகளில் விழுந்தது. அந்தப் படை இன்றும் அங்கே இருக்கிறது.

அந்த உரோமையர் பாவிகளா? கனமான காரியம், முழு அறிவு, முழுச் சம்மதம் ஆகிய மூன்றும் சேர்ந்தாலே சாவான பாவம் என்று சிறுவயதில் ஞானோபதேசத்தில் படித்தோம். சுவீடன் என்றொரு தேசம் இருப்பதையே அறியாத உலைக்களத்து அடிமையை யார் குற்றஞ்சாட்டுவார்?

நம் நிலை வேறு. கொடைக்கானலில் ஒரு வெப்பமானித் தொழிற்சாலை 2001இல் மூடப்பட்டது. பின்னர் ஆராய்ந்தோர் ஏரியின் சேற்றிலும் மீனிலும் பாதரசத்தைக் கண்டனர். ஆலைக்குப் பூட்டுப் போடலாம். சேற்றிலுள்ளதை யார் அள்ளுவது? இதைப் படித்தபின், "கடல் பெரிது, எல்லாம் கரைந்துவிடும்" என்று நாம் சொன்னால் அது அறியாமையன்று, அறிய விரும்பாமை.

விடத்தல்தீவு 2016இல் இயற்கை ஒதுக்கமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. 2024 மே மாதத்தில் அதில் 168 ஹெக்டேயரை நீர்வாழ் உயிரின வளர்ப்புக்காக விடுவிக்கும் வர்த்தமானி வெளிவந்தது. ஜூலையில் உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. இறால் பண்ணை வந்தால் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கும் என்று சொல்பவரை நான் கடிந்துகொள்ளமாட்டேன். வள்ளத்துக்கு எண்ணெய் வாங்கக் காசில்லாத வீட்டிலே சேற்றைப் பற்றிப் பிரசங்கிப்பது அழகல்ல. ஆனால் புத்தளத்தில் 1996 முதல் வெண்புள்ளி நோய் பரவி, தோண்டிய இறால் குளங்கள் பல கைவிடப்பட்டன என்பதையும் அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும்.

பண்ணைக்காரரை மட்டும் சுட்டிக்காட்டி நாம் தப்பிவிட முடியாது. கட்டுக்கரைக்குளத்து நீரில் வயல் செய்யும் நாமும் களைக்கும் பூச்சிக்கும் மருந்து அடிக்கிறோம். வயலில் மிஞ்சியது வெள்ளத்தோடு வாய்க்காலில் இறங்கினால், அதன் பயணம் கடலை நோக்கியே.

இறைவன் நம் பாவங்களை ஆழ்கடலில் எறிந்துவிடுவார் என்று மீக்கா இறைவாக்கினர் ஆறுதல் கூறுகிறார். அது உண்மை. ஆயினும் மன்னிப்புப் பெற்ற கள்வனும் எடுத்த பொருளைத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்பது திருச்சபையின் போதனை. இங்கே யாரிடம் திருப்பிக் கொடுப்பது? ஐம்பது வருடத்துக்குப் பின் இந்தக் கரையில் வலை வீசப்போகிறவன் இன்னும் பிறக்கவில்லை. அவனுக்குரிய கடனின் முதல் தவணையாக, மருந்துப் போத்தலை வாய்க்காலில் கழுவுவதை இந்தக் காலபோகத்திலேயே நாம் நிறுத்தலாம்.