பதினைந்தாவது ஆள்

ஞாயிறு காலை. பெங்களூரில் அல்சூர் பக்கம் ஒரு மைதானம். பதினான்கு வயதுக்கு உட்பட்ட பையன்களின் அணிக்குப் பதினான்கு பேர் முடிவாகிவிட்டார்கள். யாருக்காவது காய்ச்சல் வந்தால் இறங்க இன்னும் ஒருவன் வேண்டும். மிஞ்சியிருப்பவன் ஒல்லியான லெக்ஸ்பின் பையன். பவுண்டரியிலிருந்து அவன் எறிந்தால் பந்து இரண்டு பிட்ச் விழுந்துதான் கீப்பரிடம் வருகிறது. “கைல்லி ஷக்தி இல்ல சார்” என்கிறார் கோச். என் தாளில் இன்னும் எதுவும் எழுதவில்லை.

*

கையில் சக்தி இல்லை என்று இந்த ஊரில் யாராவது சொன்னால் எனக்கு லெக்ஸ்பின்னர் பி.எஸ். சந்திரசேகர் ஞாபகம்தான் வரும். 1945-ல் மைசூரில் பிறந்தவர். சின்ன வயதில் வந்த இளம்பிள்ளை வாதம் வலது கையைச் சூம்ப வைத்துவிட்டது. ஃபீல்டிங்கில் பந்தை எறிய இடது கை. பந்து வீச அந்தச் சூம்பிய வலது கை. முழுக்கைச் சட்டை, மணிக்கட்டில் பித்தான். உள்ளே இருந்த கை எவ்வளவு மெலிந்தது என்று கேலரிக்குத் தெரியாது. எதிரே நின்றவருக்கு வேகம் மட்டும் தெரிந்தது. லெக்ஸ்பின்னர் வீசும் வேகமே அல்ல அது.

மெலிந்ததால்தான் அந்தக் கை சாட்டை மாதிரி சுழன்றது என்பார்கள். இருக்கலாம். ஆனால் அப்படி மெலிந்த கை அந்தக் காலத்தில் எத்தனையோ பேருக்கு இருந்தது.

*

1967-68 ஆஸ்திரேலியப் பயணத்தில் அடிபட்டுத் திரும்பியவருக்கு மூன்று வருடத்துக்கு மேல் டெஸ்ட் இல்லை. பேடி, பிரசன்னா, வெங்கட்ராகவன் என்று மூன்று ஸ்பின்னர்கள் இருக்க நான்காவது ஆள் எதற்கு? 1971 தொடக்கத்தில் வெஸ்ட் இண்டீஸ் போன அணியிலும் அவர் இல்லை. அந்தக் கோடையில் இங்கிலாந்துக்கு அழைத்துப் போனார்கள். அங்கே டெஸ்டுகளில் வெளியே உட்கார்ந்தது பிரசன்னா.

ஓவல், ஆகஸ்ட் 23. இங்கிலாந்தின் எட்ரிச்சுக்கு கூக்ளி போடலாம் என்று சந்திரசேகர் ஓடிவரத் தயாராகிறார். “மில் ரீஃப் போடு” என்று குரல் கொடுக்கிறார் சக ஆட்டக்காரர் சர்தேசாய். மில் ரீஃப் அந்த வருடம் டெர்பி ஜெயித்த குதிரை. அணிக்குள் அது வேகப் பந்துக்குப் பெயர். எட்ரிச் மட்டையை இறக்குவதற்குள் ஸ்டம்ப் போய்விட்டது. 38 ரன்னுக்கு 6 விக்கெட். இங்கிலாந்து 101. மறுநாள் பிள்ளையார் சதுர்த்தி; மைதானத்துக்கு ஒரு யானையைக் கூட்டி வந்தார்கள். இங்கிலாந்து மண்ணில் இந்தியாவின் முதல் டெஸ்ட் வெற்றி.

நம் சின்னசாமி மைதானத்தின் முதல் டெஸ்ட் 1974 நவம்பரில். வெஸ்ட் இண்டீஸின் விவியன் ரிச்சர்ட்ஸுக்கும் அதுதான் முதல் டெஸ்ட். 4, 3. இரண்டு முறையும் சந்திரசேகரிடம்தான் அவுட்.

மொத்தம் 58 டெஸ்ட், 242 விக்கெட். அடித்த ரன் 167. மட்டை விஷயத்தில் அந்தக் கையை யாராலும் காப்பாற்ற முடியவில்லை.

*

இதையெல்லாம் கோச்சிடம் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார், அவர் சிரிப்பதும் நியாயம். ஒரு சந்திரசேகரைக் காட்டி ஒல்லிக் கைகளையெல்லாம் உள்ளே விட முடியாது. இந்தப் பையனின் கூக்ளி பாதி நேரம் ஃபுல்டாஸ்.

‘த்ரோ’ என்ற கட்டத்தில் ‘இரண்டு பிட்ச்’ என்று எழுதுகிறேன். ‘பந்துவீச்சு’ கட்டம் காலியாக இருக்கிறது. இன்னும் ஒரு ஓவர் போடட்டுமே என்கிறேன். கோச் வெயிலைப் பார்க்கிறார். பையன் சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டுக்கொண்டு, ரன்-அப்பை அடி எண்ணி அளக்கிறான்.