ஓலையின் பதம்

ஈஸ்டர் ஞாயிற்றுக்கு மறுநாள், பலெர்மோ நகரத்து மக்கள், செல்வர் வறியர் என்ற பேதமின்றி, வீட்டைப் பூட்டிக்கொண்டு தோட்டந்துரவுகளை நாடிப் புறப்பட்டுவிடுவது வழக்கம். பாஸ்க்வெத்தா என்று அவர்கள் கொண்டாடும் அந்நாளில், கார்ச்சோபி என்னும் முள்மொட்டுக்களைத் தணலிற் புதைத்துச் சுட்டுண்பதும், புல்தரையிற் சாய்ந்து பொழுது போக்குவதும் ஏறக்குறைய ஒரு விரதம் போல் அநுஷ்டிக்கப்படுகின்றன. 1983க்குப் பின் யாழ்ப்பாணத்திலிருந்து இந்நகரத்துக்கு வந்து, பிறர் வீடுகளில் சமைத்தும் பெருக்கியும் முதியோரைப் பராமரித்தும் ஜீவித்த எங்களில் பலருக்கு, அந்நாள் நெடுங்காலமாகப் பிறருடைய விடுமுறைக்குக் கூடை கட்டிக்கொடுக்கும் நாளாகவே இருந்தது. இவ்வாண்டு மகளும் மருமகனும் பேரனும் சேர்ந்து எங்கள் கூடையை எங்களுக்கே கட்டினார்கள். சியாகுல்லிக்குப் போனோம்.

சியாகுல்லி நகரின் தென்கிழக்கு விளிம்பில், மலையடிவாரத்தில் உள்ளது. ‘பொற்கிண்ணம்’ என்று பெயர் பெற்ற பலெர்மோச் சமவெளியின் தோப்புக்களுட் பெரும்பகுதி 1950களிலும் அறுபதுகளிலும் அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு இரையாகிவிட, எஞ்சிய பசுமையின் ஒரு துண்டு இங்கே பிழைத்திருக்கிறது. இங்கு விளையும் மாண்டரின் நாரத்தை இனத்துக் கனி, 1940களில் இயற்கையிலேயே நேர்ந்த ஒரு திரிபினாற் பிறந்தது. மற்ற மாண்டரின்கள் மார்கழி, தையோடு ஓய்ந்துவிட, இது பிந்திப் பழுத்து மார்ச் மாதம் வரை கிளையில் நின்று இனிக்கும். தோல் மெல்லியது, விதை சொற்பம். ஈஸ்டர் முந்தி வந்திருந்தமையால் கடைசிக் கனிகள் எங்களுக்கும் மிஞ்சியிருந்தன. விருந்தினரை வரவேற்று உணவிட்டு, தோப்பையும் கைத்தொழில்களையும் காட்டும் ஒரு பண்ணை அது. அங்கே ஒரு மரத்தடியில் ஒரு முதியவர் கூடை முடைந்துகொண்டிருந்தார்.

பழம் பறிக்கும் கூடையை அவர் நாணற்கீற்றாலும் ஒலிவ இளங்கொம்பாலும் முடைந்தார். குழந்தைகள் விளையாடுவதற்கென்று, பக்கத்தில் ஒரு சட்டி நீரில், ஜும்மாரா என்னும் குட்டைப் பனையின் ஓலைக் கீற்றுக்களை ஊறப்போட்டிருந்தார். சிசிலித் தீவின் கடலோரப் பாறைகளிலெல்லாம் தானாக முளைக்கும் அந்தப் பனையை முதன்முறை காணும் யாழ்ப்பாணத்தவன் எவனும், வடலியொன்று இவ்வளவு தூரம் எப்படி வந்தது என்று ஒரு கணம் திகைக்காமலிரான். முதியவர் ஒரு பிடி கீற்றைப் பேரனிடம் நீட்டினார். பேரன் அதைத் தன் அம்மம்மாவின் மடியிற் போட்டுவிட்டு ஓடினான். என் மனைவி அதைக் கையிலெடுத்தாள். பெருவிரல் நகத்தால் ஈர்க்கை நீக்கினாள். கீற்றுக்களைக் குறுக்கும் நெடுக்கும் கோத்தாள். நான் ஒரு பழத்தை உரித்து முடிப்பதற்குள், கடகத்தின் அடிப்புறமாகிய அந்தச் சதுரம், நான்கு மூலையும் பிசகாமல், அவள் மடியில் உருவாகிவிட்டது. முதியவர் தம் வேலையை நிறுத்திவிட்டு உற்றுப் பார்த்தார். பிறகு கைதட்டி, அயலில் இருந்தோரை அழைத்தார். நால்வர் ஐவர் கூடினர், கைப்பேசிகள் உயர்ந்தன.

அப்போது அவள் அதைப் பிரித்தாள். கோபமாக அன்று, அவசரமாகவும் அன்று. கீற்றுக்கீற்றாக உருவி, ஒவ்வொன்றையும் தொடையின்மேல் வைத்துப் பெருவிரலால் நெடுக நீவி நிமிர்த்தி, எடுத்த நீர்ச்சட்டியிலேயே திரும்ப வைத்தாள். “ஏன் அம்மம்மா கழட்டினீங்கள்?” என்று பேரன் ஓடிவந்து கேட்டபோது, “ஓலை பதமில்லை, ராசா” என்றாள். அவ்வளவுதான். அதன்பின் சிரித்தாள், உண்டாள், வெயில் தாழ்ந்தபோது எங்களுடன் வீடு திரும்பினாள்.

என்னை உறங்கவிடாதது அவள் பிரித்தது அன்று, நீவி நிமிர்த்தியதே. பிடிக்காத ஒன்றைப் பிரிப்பவர் கசக்கி எறிவர். கூச்சப்பட்டவர் மடியிலிருந்து தள்ளிவிடுவர். இனி யாருக்கும் பயன்படாத, குழந்தைகள் கிழித்து விளையாடுவதற்கென்றே வைத்த கீற்றை, மறுபடியும் ஒருவர் இழைக்கப்போகிறார் என்பதுபோல் அத்தனை சிரத்தையோடு நிமிர்த்தி வைப்பானேன்?

அவளுடைய தாய், கணவனை இழந்தபின், பெட்டி இழைத்துச் சாவகச்சேரிச் சந்தையில் விற்றுப் பிள்ளைகளை வளர்த்தவர். இதனை நான் அவளிடமிருந்து அறிந்தேனல்லேன். உறவினர் வாயிலாகக் கேட்டது. விளக்கெண்ணெய் மிச்சமென்று நிலவில் இருந்து இழைப்பார் என்றும், ஒரு கீற்று வீணானாலும் பிள்ளைகளின் கையில் அடி விழும் என்றும் சொன்னார்கள். எங்கள் இல்லறத்தில் இந்தக் கதை ஒருநாளும் பேசப்பட்டதில்லை. ஒடியலும் அரிசிமாவும் வைக்கும் ஓலைப்பெட்டி ஒன்றைக்கூட ஊரிலிருந்து அவள் தருவித்ததில்லை. புட்டு அவிப்பது அலுமினியத்தில்தான். ஆதலால், அன்று கூடிநின்றோர் அவளுடைய கைத்திறனைக் கண்டு வியந்தபோது, அவள் கண்டது வேறொன்றாக இருக்கக்கூடும் என்று நான் ஊகிப்பதில் நியாயம் உண்டு.

இந்த ஊகத்துக்கு என் பாலியமும் துணைநிற்கிறது. எங்கள் தோட்டம் வலிகாமத்துச் செம்மண்ணில் இருந்தது. வெங்காயமும் புகையிலையும் மாறி மாறிப் பயிராகும். விடியுமுன் இறைப்புத் தொடங்கிவிடும். என் தந்தையார் துலாவின்மீது ஏறி முன்னும் பின்னுமாக மிதிக்க, கிணற்றடியில் ஒருவர் பட்டையைப் பிடித்து நீரைக் கவிழ்க்க, நான் மண்வெட்டியோடு பாத்திகளில் தண்ணீர் கட்டுவேன். ஒருநாள் கொழும்பிலிருந்து காரில் வந்த ஒரு குடும்பம் வேலியோரம் இறங்கி நின்றது. கீழ்வானச் சிவப்பில், அந்தரத்தில் நடக்கும் ஒரு மனிதனின் உருவம் அவர்களுக்குச் சித்திரம்போலத் தோன்றியிருக்கவேண்டும். அவர்களுள் ஒரு பெண்மணி கண்கலங்கியதை நானே கண்டேன். அவர்கள் போனபின் என் தந்தையார் இறங்கி, காலிலிருந்த சேற்றைக் கழுவிக்கொண்டே, “அவைக்கென்ன, பாக்க நல்லாத்தான் இருக்கும்” என்றார். கசப்போடு சொன்னாரா, அன்றி எங்கள் வேலையும் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது என்ற ஒரு சிறு கர்வத்தோடு சொன்னாரா என்பது இந்த வயதிலும் எனக்குப் பிடிபடவில்லை. அன்று முழுவதும் அவர் சந்தோஷமாக இருந்தார் என்பதும் ஞாபகத்தில் இருக்கிறது; அது என் வாதத்துக்கு இடைஞ்சலானது.

சியாகுல்லித் தோப்பிலும் நீர் எங்கள் தோட்டத்துப் பாத்திகளிற் போலத்தான் பாய்கிறது. 831இல் பலெர்மோவைக் கைப்பற்றிய அராபியர் விட்டுச்சென்ற முறை: ஜெபியா என்னும் கல்தொட்டியில் நீரைத் தேக்கி, சாயா என்னும் வாய்க்கால் வழியே மரத்தடிப் பாத்திகளுக்குத் திருப்புகிறார்கள். அந்தத் தொட்டியின் விளிம்பில் அமர்ந்து என் மருமகன் “என்ன சாந்தி!” என்று வியந்தபோது, எனக்கோ முதுகு வலித்தது. அதுவும் எத்தகைய சாந்தி! 1795 முதல் ஆங்கிலக் கடற்படை மாலுமிகளுக்கு எலுமிச்சஞ்சாறு விதிக்கப்பட்டது. அதன்பின் பெருகிய வாணிகத்தில் இந்தத் தோப்புக்கள் பொன்னாய் விளைந்தன. அந்தப் பொன்னுக்குக் காவல் என்ற பெயரால் தண்ணீருக்கும் பழத்துக்கும் கப்பம் வாங்கியவர்களிடமிருந்தே மாஃபியாவின் வேர் கிளைத்தது என்பது வரலாற்றாசிரியர் பலரின் துணிபு. 1963 ஜூன் 30ஆம் நாள், இதே சியாகுல்லியில் கைவிடப்பட்டிருந்த ஒரு மோட்டார் வண்டியிற் பொதிந்த வெடிமருந்தைச் செயலிழக்கச் செய்யச் சென்ற காவற்படையினரும் இராணுவத்தினருமாகிய எழுவர் உயிர்நீத்தனர். இயற்கை நமக்கு இயற்கையாகத் தோன்றுவதற்கு, அதில் உழைத்தோரும் அழிந்தோரும் கண்ணுக்குத் தெரியாமலிருப்பது அவசியமோ என்று நான் எண்ணினேன். எண்ணிக்கொண்டே இன்னொரு பழத்தை உரித்தேன் என்பதையும் சொல்லிவிடவேண்டும். அத்தனை இனிப்பு.

கைவினையின் அழகு பற்றி ஆனந்த குமாரசுவாமி எழுதியதை வாலிபத்தில் யாரோ இரவல் தர அரைகுறையாக வாசித்திருக்கிறேன். 1877இல் கொழும்பில் பிறந்து இங்கிலாந்தில் வளர்ந்த அவர், மண்ணியல் ஆராய்ச்சியாளராக இலங்கைக்கு வந்து, கனிமங்களைத் தேடிக் கண்டிப் பகுதிக் கிராமங்களில் அலைந்தபோது, கல்லைக் காட்டிலும் கைவினைஞரே அவர் மனத்தை ஈர்த்தனர். மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய அவருடைய பெருநூல் 1908இல், கைவினையைப் போற்றிய வில்லியம் மோரிஸ் முன்பு உபயோகித்த அச்சியந்திரத்தில் அச்சாகி வெளிவந்தது. அடுத்த ஆண்டு, 1909இல், பலெர்மோவில் ஜுசெப்பே பித்ரே என்ற வைத்தியர், நோயாளிகளைப் பார்க்கப் போகும் வண்டியில் இருந்தபடியே நாட்டார் பாடல்களையும் கதைகளையும் எழுதிச் சேர்த்த மனிதர், ஏழை மக்களின் கூடைகளையும் கலங்களையும் பொம்மைகளையும் கொண்டு ஒரு காட்சிச்சாலையை நிறுவினார். அது இன்றும் இந்நகரில் இருக்கிறது. ஒருவர் கல்லைத் தேடிப்போனவர், மற்றவர் நோயைத் தேடிப்போனவர். அழகையும் உபயோகத்தையும் பிரித்துவைத்ததே நவீன உலகின் தீங்கு என்பது குமாரசுவாமியின் வாதங்களுள் ஒன்று என்று நினைவிருக்கிறது. அதனை நான் மறுக்கத் துணியேன். ஆயினும், நிலவொளியில் பெட்டி இழைத்த என் மாமியாருக்கு அவ்விரண்டும் பிரியாமலே இருந்தன என்பதனால் அவருடைய பசி சற்றேனும் தணிந்ததா என்று அந்தப் பேரறிஞரிடம் கேட்க வேண்டும் போலிருக்கிறது. அவரோ, அந்தப் பசிக்குக் காரணம் பெட்டி அன்று, பெட்டியை விலைமதியாத சந்தை என்று விடை பகர்ந்திருப்பார். அதற்கு மறுமொழி என்னிடம் இல்லை.

என் மைத்துனர் ஒருவர் கிளாஸ்கோவில் இருக்கிறார். அவர் குடும்பம் ஆண்டுதோறும் ஸ்கொட்லாந்தின் மலைநாட்டில் ஒரு குடிசையை வாடகைக்கு எடுத்து, ஏரிக்கரையில் நடந்தும், கம்பளி நூற்றும், வில்லோக் கொம்பிற் கூடை முடைந்தும் விடுமுறையைக் கழிக்கும். அந்நாட்டு மீனவப் பெண்கள் அத்தகைய கூடையை முதுகிற் சுமந்து, தெருத்தெருவாக மீன் விற்றவர்கள். சுமை போய்க் கூடை மட்டும் எஞ்சியிருக்கிறது. மைத்துனரின் பிள்ளைகள் அதில் தொலைக்காட்சியின் கட்டுப்பாட்டுக் கருவியை வைத்திருக்கிறார்கள். இதில் நகைப்பதற்கு ஒன்றுமில்லை. சுமை ஒழிந்தது நன்றே. அதனோடு கூடையும் ஒழிந்திருக்க வேண்டும் என்று யார் சொல்வர்?

இவ்வளவும் எண்ணியபின் அந்தப் பெருவிரலுக்கே மனம் மீள்கிறது. ஒருவேளை அவள் சொன்னது வெறும் உண்மையாக இருக்கலாம். அதிகம் ஊறிய ஓலையில் இழைத்தால், உலரும்போது சுருங்கி இழை தளர்ந்துபோகும் என்று ஊரில் கேள்விப்பட்டிருக்கிறேன். நான் அந்தக் கீற்றைத் தொட்டுப்பார்த்தேன், வளைந்தது, முறியவில்லை, ஆனால் பதம் என்பது என் விரலுக்குத் தெரியக்கூடிய விஷயமா? தாயின் கண்டிப்பிற் பழகிய கை, தளரப்போகும் பெட்டியைப் பிறர் மெச்சச் சம்மதியாமல் பிரித்திருக்கலாம். கீற்று வீணாகலாகாதென்று நிமிர்த்தியிருக்கலாம். அவ்வாறாயின் நான் அவமானம் என்று கருதியது அவளுடைய கௌரவம். அல்லது இரண்டுமே ஒரே விரலில் இருந்தனவோ? பிறர் வீட்டு வேலையில் எத்தனையோ கண்கள் தன் கைகளைக் கவனித்த காலத்திலும் முகம் சுளிக்காதவள் அவள். அந்தக் கைப்பேசிகளுக்கா கூசியிருப்பாள் என்றும் தோன்றுகிறது.

அந்தப் பண்ணையில் கோடை விடுமுறையில் சிறுவர்களுக்குக் கூடை முடையக் கற்பிக்கிறார்களாம். பேரனுக்கு ஆசை. கிழவரிடம் அனுப்புவதா, அம்மம்மாவையே கற்பிக்கச் சொல்வதா என்று மகள் என்னை வினவினாள். அது ஆறாத புண்ணென்றால் அவளைக் கேட்பது குரூரம். அது அவளுடைய வித்தையென்றால், அவளை வீட்டில் வைத்துக்கொண்டு அயலாரிடம் அனுப்புவது அவமதிப்பு. எது என்று துணிய மாட்டாமல், “கொம்மாவைக் கேளன்” என்றேன்.

“அம்மா உங்களைத்தான் கேக்கச் சொன்னவ” என்றாள் மகள்.